ஃபால்ட் சிமுலேஷன் பாதியில் நின்றுவிடுகிறது: லோடு மாடலில் தவறா?

கேள்வி
வணக்கம். எம்.இ. புராஜெக்டுக்காக ஒரு 110/11 கேவி சப்ஸ்டேஷனை மாடல் செய்கிறேன். லோடு ஃப்ளோ (ஃபால்ட் இல்லாத நிலையில் வோல்டேஜ், பவர் கணக்கு) மூன்றே இட்டரேஷனில் முடிகிறது. ஆனால் 110 கேவி லைனில் மூன்று ஃபேஸ் ஃபால்ட் (ஷார்ட் சர்க்யூட்) கொடுத்ததும் கன்வெர்ஜ் ஆகாமல், அதாவது தீர்வுக்கு வராமல், ரன் நின்றுவிடுகிறது. டைம் ஸ்டெப்பை 10 மில்லி செகண்டிலிருந்து 1-க்குக் குறைத்தும் பலனில்லை. இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பதில்
டைம் ஸ்டெப்பை விடுங்க, கோளாறு அங்கே இல்லை. லோடு ஃப்ளோவில் போட்ட பி, க்யூ (ஆக்டிவ், ரியாக்டிவ் பவர்) அப்படியே டைனமிக்ஸுக்கும், அதாவது நேரத்தோடு மாறும் ஃபால்ட் சிமுலேஷனுக்கும் வந்திருக்கும்; வோல்டேஜ் எதுவானாலும் ஒரே பவர் எடுக்கும் கான்ஸ்டன்ட் பவர் லோடு அது. வோல்டேஜ் இயல்பு அளவில் 0.9 மடங்குக்கு இறங்கினால் கான்ஸ்டன்ட் இம்பீடன்ஸ் லோடு 81 சதவீத பவர்தான் எடுக்கும்; கான்ஸ்டன்ட் கரன்ட் 90. கான்ஸ்டன்ட் பவர் மட்டும் அதே 100-ஐக் கேட்கும், அதற்காகக் கரன்ட்டை 1.11 மடங்காக்கும். ஃபால்ட்டில் 0.2 ஆனால் 5 மடங்கு! அந்த வோல்டேஜில் அவ்வளவு பவரை நெட்வொர்க்கால் கொடுக்கவே முடியாது, தீர்வு எங்கிருந்து வரும்? 0.7-க்குக் கீழே அது இம்பீடன்ஸாக மாறும்படி வையுங்க.

கேட்டவர்
ரன் ஓடிவிட்டது, மிக்க நன்றி! பயத்தில் எல்லா லோடையுமே இம்பீடன்ஸ் ஆக்கிவிட்டேன். இப்போது புதுக் குழப்பம்: ஃபால்ட் கிளியர் ஆனதும் வோல்டேஜ் உடனே 0.97-க்கு வந்துவிடுகிறது. போன மே மாதம் அங்கே ரெக்கார்டரில் பதிவானதோ வேறு மாதிரி. 0.75-லேயே ஏழெட்டு செகண்ட் கிடந்துவிட்டு, பிறகு 1.04-க்கு ஏறியிருக்கிறது.

இன்னொரு பதில்
ரெக்கார்டரை நம்புங்க தம்பி. மே மாதம், குடியிருப்புப் பகுதி என்றால் ஏசிதான். இன்வெர்ட்டர் இல்லாத சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரசர், வோல்டேஜ் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குக் கீழே போனால் சில சைக்கிளிலேயே ஸ்டால் ஆகிவிடும். வோல்டேஜ் திரும்பினாலும் ரோட்டர் சுற்றாது, பல மடங்கு கரன்ட்டை இழுத்துக்கொண்டே நிற்கும். உள்ளே இருக்கும் தெர்மல் ஓவர்லோடு ஒவ்வொன்றாக வெட்டும் வரை வோல்டேஜ் எழாது. வெட்டியபின் லோடு போய்விடும், வோல்டேஜைத் தூக்கிப் பிடிக்கும் கெப்பாசிட்டர் பேங்க் மட்டும் நிற்கும், உங்கள் 1.04 அதுதான். தென் கலிபோர்னியாவில் 1980-களின் இறுதியிலிருந்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மேற்கு கிரிட்டின் காம்போசிட் லோடு மாடலில் (பல வகை லோடைச் சேர்த்த மாடல்) ஏசிக்கென்று தனி மோட்டாரே இருக்கிறது. இம்பீடன்ஸ், கரன்ட், பவர் மூன்றையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் இந்த வடிவம் வராது.

பம்புசெட் ஃபீடரில் வேறு மாதிரி நடக்கும். வோல்டேஜ் இறங்கியதும் ஸ்டார்ட்டரில் பிடித்துவைத்திருக்கும் நோ-வோல்ட் காயில் விட்டுவிடும், பம்பு நின்று லோடு அப்போதே காணாமல் போகும்.

கேட்டவர்
ஆறு ஃபீடரில் நான்கு குடியிருப்பு, இரண்டு விவசாயம். எல்லாவற்றையும் ஒரே லோடாகக் கூட்டி வைத்திருந்தேன் சார்! பிரித்துவிடுகிறேன். ஏசி பங்கை எப்படி மதிப்பிடுவது?

இன்னொரு பதில்
குடியிருப்பு ஃபீடர்களின் லாக் புக்கை எடுங்க. ஜனவரி இரவு பத்து மணி லோடு, மே மாதம் அதே நேர லோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஏசி. ஃபேனும் ஃப்ரிட்ஜும் கொஞ்சம் கலந்திருக்கும், தொடக்கத்துக்குப் போதும். அந்த ஏழெட்டு செகண்ட் கிடைக்கும் வரை பங்கை ஏற்றி இறக்கிப் பாருங்க. கிடைத்ததும் இங்கே படத்தைப் போடுங்க, எனக்கும் பார்க்க ஆசை.