டிஎஃப்எம் டீம் (டிசைன் ஃபார் மேனுஃபாக்சரிங்: பொருளைச் சுலபமாகத் தயாரிக்க முடிகிற மாதிரி டிசைன் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள்) டிசைனுக்குக் கீழா, பிளான்ட்டுக்குக் கீழா? உங்கள் அனுபவம்

லைன்பக்கம்:
ஒரகடம் பக்கம் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, பெயர் வேண்டாம். டிஎஃப்எம் நாங்கள் பிளான்ட் ஹெட்டுக்குக் கீழே. டிசைன் டீம் பெங்களூரில். டிராயிங் எங்கள் கைக்கு வரும்போதே மோல்டுக்கு ஆர்டர் போயிருக்கும். அப்புறம் என்ன ரிவ்யூ? ஒரு மாடலில் டிஸ்ப்ளே கேபிள் கனெக்டரை ரிப்பை (பலத்துக்காகப் பிளாஸ்டிக்கில் எழுப்பும் வரம்பு) ஒட்டி வைத்துவிட்டார்கள். லாட்சைப் பூட்ட விரல் நுழையாது. லைனில் போய்ப் பார்த்தால், அந்த ஸ்டேஷன் பெண் கிளவுஸின் கட்டைவிரல் நுனியைக் கிழித்துவிட்டு நகத்தால் தள்ளுகிறார். அந்த ஒரு நகத்தை மட்டும் வளர்த்திருக்கிறார். "நான் லீவு போட்டா லைன் நின்னுடும் சார்" என்று சிரித்தார். ரிப்பைத் தள்ளச் சொல்லி மெயில் போட்டேன். "அடுத்த மாடலில் பார்க்கலாம்."

மோல்டுகாரன்:
எப்படித் தள்ளுவார்கள்? பார்ட்டில் ரிப் என்றால் மோல்டு ஸ்டீலில் அது வெட்டின பள்ளம். வெல்டிங் வைத்து அடைத்து மறுபடி வெட்ட வேண்டும். ஆர்டருக்கு முன்னால் சொல்லியிருந்தால் சும்மா முடிந்திருக்கும்.

லைன்பக்கம்:
முன்னால் காட்டினால்தானே சொல்வதற்கு?

பச்சைக்கட்டம்:
டிசைனுக்குக் கீழே போனால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எங்களை மாற்றினார்கள். ஸ்கோர்கார்டு வந்தது, கட்டமெல்லாம் பச்சையாக இருக்க வேண்டும். ஒரே பாக்ஸில் மூன்று நீளத்தில் ஸ்க்ரூ எதற்கு என்று ரிவ்யூவில் கேட்டேன். எங்கள் லீடே மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். அவருக்கு அப்ரைசல் போடுவது டிசைன் ஹெட்.

பழையகை:
இரண்டு பேரும் தப்பு. யாருக்குக் கீழே என்பதல்ல, எப்போது உள்ளே வருகிறீர்கள் என்பதுதான் விஷயம். நானும் காலில் மிதி வாங்கியவன்தான், அதை விடுங்கள். டிஎஃப்எம் முறையை வகுத்த பூத்ராய்ட், டியூஹர்ஸ்ட் சொன்ன மூன்று கேள்விகளைக் கான்செப்ட் நிலையிலேயே கேளுங்கள்: இந்தப் பார்ட் மற்றவற்றைச் சார்ந்து அசைகிறதா? வேறு மெட்டீரியலாகத்தான் இருக்க வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றதை மாட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் இல்லை என்றால் பக்கத்துப் பார்ட்டோடு சேர்த்துவிடலாமா என்று பாருங்கள். 1985-இல் ஐபிஎம் ப்ரோபிரின்டர் அப்படித்தான் வந்தது. ஸ்க்ரூ கிடையாது, எல்லாம் ஸ்னாப் ஃபிட், அதாவது அழுத்தினால் கொக்கி மாட்டிக்கொள்ளும். ரோபோ மாட்டுவதற்காக டிசைன் செய்தார்கள். கடைசியில் மனிதர் கையாலேயே சுலபமாக மாட்ட முடிந்தது. ஸ்க்ரூ நீளத்தை ஒன்றாக்குங்கள், கனெக்டரைச் சுற்றி விரலுக்கு இடம் விடுங்கள், டிசைன் ஆட்களை பைலட் ரன்னில் (சோதனைத் தயாரிப்பில்) உட்கார வையுங்கள்...

லைன்பக்கம்:
சார், ஆலோசனை கேட்கவில்லை.

சர்வீஸ்சென்டர்:
ஸ்னாப் ஃபிட் புகழ் பாடுகிறவர்கள் ஒரு நாள் எங்கள் டேபிளுக்கு வாருங்கள். முதல் தடவை திறக்கும்போதே கொக்கி உடைகிறது, கஸ்டமர் எதிரிலேயே. ஸ்பேராகத் தனிக் கொக்கி வராது, முழு கவரையும் மாற்ற வேண்டும். அந்தக் காசுக்கு அவர் சண்டை போடுவது எங்களோடு. டிஎஃப்எம் ரிவ்யூவுக்கு எங்களை யாராவது கூப்பிட்டிருக்கிறீர்களா?