இரண்டு பிரஷர் மாத்திரை சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. நாங்கள் பாம்பன். அப்பாவுக்கு 61 வயது, இன்னமும் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். பிரஷருக்குப் பல வருடமாக அட்டெனலால். அதில் மட்டும் அடங்கவில்லை என்று இப்போது இரவில் பிராசோசினும் சேர்த்திருக்கிறார்கள்.

அட்டெனலால் இதயத் துடிப்பைக் குறைக்கும், பிராசோசின் ரத்தக் குழாயைத் தளர்த்தும். இரண்டும் அட்ரினலினை வெவ்வேறு இடத்தில் தடுப்பவை, அதனால் சேர்த்துக் கொடுப்பது உண்டுதான். ஆனால் எழுந்ததும் பிரஷர் சட்டென்று இறங்கினால், உடம்பு துடிப்பைக் கூட்டி ஈடுகட்ட அட்டெனலால் விடாது! நேற்று விடியற்காலை கட்டிலை விட்டு எழுந்தவர், கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். உட்கார வைத்து அளந்தால் 130/80, நிற்க வைத்தால் 100/60. படகு விளிம்பில் வலை இழுக்கும்போது இப்படி வந்தால்? நினைக்கவே பதறுகிறது.

கடலுக்கு அனுப்பவில்லை. இன்று சாயங்காலம் டாக்டரிடம் போகிறோம். நாங்களாக எதையும் நிறுத்தவில்லை. அட்டெனலாலைத் திடீரென்று விடுவதும் ஆபத்து.

உங்கள் வீட்டில் இந்த இரண்டையும் எடுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தலைசுற்றல் போகப்போக அடங்கியதா, அளவைக் குறைத்தார்களா, கார்வெடிலால் மாதிரி இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் மாத்திரைக்கு மாற்றினார்களா? அப்புறம், மறுபடி கடலுக்கு எப்போது போனார்கள்? டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம் என்றும் சொன்னால் பெரிய உதவி.