புதுப்பிப்பு: கடைவீட்டு அரங்குக்கு எந்த ஸ்பீக்கர்?

முன்பு கேட்டது இது: லிட்டில் இந்தியா கடைவீடு ஒன்றில் 60 பேர் உட்காரும் ஒடுங்கிய கூடம், பாட்டு, வயலின், மிருதங்கம், 15 அங்குல ஜோடியா, 12 அங்குலமா? முடிவு: 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது) இரண்டு, தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஒன்று.

விளம்பரத்தில் போடும் டெசிபல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 1 மீட்டரில் கிடைக்கும் உச்ச அளவு. திறந்தவெளிக் கணக்கில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 18 போய்விடும். இந்த மாதிரிக் கூடத்தில் அதைவிட முக்கியம் ஒலி பரவும் கோணம். 90 பாகை என்றால் பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி சாகித்யம் குழம்பும். 60 பாகைப் பெட்டி கிடைக்காவிட்டால் பெட்டிகளைச் சற்று உள்நோக்கித் திருப்பி, 2 மீட்டர் உயரத்தில் லேசாகக் கீழே சாய்த்து வையுங்கள். மைக்குகளுக்கு முன்னால், ரசிகர் பக்கமாகத்தான் ஸ்பீக்கர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஒலி மைக்கில் திரும்பப் புகுந்து ஊளைதான்.

வில்லங்கம் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி தரும் பக்கம். சப்வூஃபருக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை மட்டும் அனுப்பி, பாட்டு, வயலின் மைக்குகளில் ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) போடுங்கள். சப்வூஃபரை மூலையில் தள்ளினால் பேஸ் ஊதிப்போகும். மாடிவீட்டுக்காரரும் இறங்கி வருவார்.

ஹம் சத்தம் வந்தால் மிக்ஸரையும் ஸ்பீக்கர்களையும் ஒரே மின்சுற்றில் செருகிப் பாருங்கள். எர்த் இணைப்பைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து.