மறு: மறு: ‘இரட்டை முடியாட்சி’ – இதில் எது இரட்டை?

குழுவினருக்கு வணக்கம்.

ஆஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசின் போர் வரலாறு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1866 வரை வண்டி ஒழுங்காக ஓடியது. அந்த ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி கோனிக்கிரேட்ஸில் பிரஷ்யப் படையிடம் ஆஸ்திரியர் தோற்கிறார்கள். வீட்டுக்குள்ளும் ஹங்கேரியரைப் பகைத்துக்கொண்டு இனிக் காலந்தள்ள முடியாது என்று ஃபிரான்ஸ் ஜோசப் அடுத்த ஆண்டே அவர்களோடு உடன்பாட்டுக்கு வருகிறார். அங்கே நூலாசிரியர் ‘டூயல் மோனார்க்கி’ என்று ஆரம்பிக்கிறார். நான் மூன்று வாரமாக அந்த வரியிலேயே நிற்கிறேன்.

‘இரட்டை முடியாட்சி’ என்றுதான் முதலில் எழுதினேன். அத்தியாயத்தைப் படித்த பதிப்பாளர் கேட்டார்: “இன்னொரு ராஜா யாரும்மா?” இன்னொரு ராஜா கிடையாது. ஒரே ஆள்தான் வியன்னாவில் பேரரசர், ஹங்கேரியின் புடாவில் அரசர்.

‘இரட்டையாட்சி’ என்று சுருக்கவும் வழியில்லை. 1919 இந்திய அரசுச் சட்டத்தின்படி சில துறைகள் அமைச்சர்களிடமும் சில ஆளுநரிடமும் இருந்த ஏற்பாட்டுக்கும், அதற்கு முன்பு கிளைவ் வங்காளத்தில் செய்த ஏற்பாட்டுக்கும் நம் பாடநூல்கள் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டன.

‘ஈர்முடியரசு’ எப்படி இருக்கிறது?

செ.

*

> ஈர்முடியரசு

அம்மா, ஈராண்டு, ஈரடி சரி. உயிரெழுத்து முன்னால் நின்றால்தான் ‘ஈர்’. மெய் வந்தால் ‘இரு’: இருவழி, இருபொருள். ஆகவே ‘இருமுடியரசு’ என்றுதான் வரும். வந்தால் என்ன ஆகும் என்பதைக் கார்த்திகை மாதம் எந்த ரயில் நிலையத்திலும் நின்று பார்க்கலாம்.

என் வாக்கு ‘ஈரரசு’க்கு. இரண்டு நாடாளுமன்றம், இரண்டு பிரதமர். வெளியுறவு, போர், அவ்விரண்டுக்கான நிதி, இந்த மூன்று மட்டும் பொது. அதைக் கவனிக்க ஒவ்வொரு நாடாளுமன்றமும் 60 பேரை அனுப்பும். அந்த இரண்டு அறுபதும் ஓர் ஆண்டு வியன்னாவில், ஓர் ஆண்டு ஹங்கேரியத் தலைநகரில் கூடும். ஆனால் ஒரே கூடத்தில் உட்கார்ந்து விவாதிக்க மாட்டார்கள். தனித்தனி அறையில் இருந்தபடி எழுத்து மூலம் சேதி அனுப்பிக்கொள்வார்கள், கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி. இதற்கு மேல் இரண்டு அரசு என்பதற்கு என்ன சாட்சி வேண்டும்?

க.மு.

*

க.மு. ஐயா சொல்வது பாதிதான் சரி. ஈரரசு என்றதும் அந்த ஒற்றை மனிதர் காணாமல் போகிறார். சம்பந்திகள் பேசாவிட்டாலும் இரு தரப்பும் கும்பிடுகிற பெரியவர் ஒருவர்தானே? 1848-இல் அரியணை ஏறியவர், 1916-இல் சாகும்வரை இறங்கவில்லை. அவர் தலையில் ஹங்கேரிய முடி ஏறியது 1867 ஜூன் 8-ஆம் தேதி, புடாவின் மத்தியாஸ் தேவாலயத்தில். முடியை வைத்த கைகளில் ஒன்று பிரதமர் ஆந்த்ராஷியுடையது. 1851-இல் இதே மன்னரின் ஆட்சி, நாட்டைவிட்டு ஓடியிருந்த ஆந்த்ராஷியின் பெயரைத் தூக்குமரத்தில் ஏற்றியிருந்தது! எனவே ‘முடி’ என்ற சொல்லை விடவே கூடாது.

சபரிமலைக் குழப்பம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அங்கே முடி என்பது கட்டு, இங்கே மகுடம். உண்மையில் கொஞ்சம் பொருந்தவே செய்கிறது: முன்கட்டு சாமிக்கு, பின்கட்டு சொந்த வழிச்செலவுக்கு. பொதுச் செலவில் ஆஸ்திரிய மேற்குப் பாதி 70 பங்கு, ஹங்கேரி 30 பங்கு என்று தொடங்கி, பத்தாண்டுக்கு ஒருமுறை பேரம் பேசினார்களே!

நியாயமான ஆட்சேபம் வேறு. 1871-க்குப் பிறகு பிரஷ்ய அரசர் வில்ஹெல்ம்தான் ஜெர்மன் பேரரசரும். 1876-இல் விக்டோரியா இந்தியப் பேரரசி ஆகிறார். அவையும் இருமுடியரசா? இல்லை. அங்கெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியது, அல்லது ஒன்றன்கீழ் ஒன்று கிடந்தது. இங்கே இரண்டும் சமம் என்பதுதான் ஒப்பந்தமே. இதைச் சொல்லடைவில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சொல்லே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு அடுத்த அத்தியாயத்தில் வரப்போகும் தலைவலியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனில் அரசு நிறுவனங்களின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து வரும், ‘பேரரசுக்குரிய’, ‘அரசுக்குரிய’ என்பதன் சுருக்கம். அதைத் தமிழில் ஒலித்தால் ‘கா.கா.’ படிப்பவர் சோறு வைக்கப் போய்விடுவார். 1867-க்குப் பிறகும் படைக்கு அதே பெயர்தான் இருந்தது. ஹங்கேரியர் ஒத்துக்கொள்ளவில்லை: இடையில் ‘உம்’ எங்கே என்று கேட்டார்கள். ‘உம்’ இல்லாவிட்டால் எங்கள் அரசு உங்கள் பேரரசின் வாலாகிவிடுகிறது என்பது வாதம். 22 ஆண்டு இழுத்து, 1889 அக்டோபரில் மன்னர் இறங்கிவந்தார். பொதுப்படையின் பெயரில் ‘உண்ட்’ (நம் ‘உம்’முக்கு ஜெர்மன் சொல்) சேர்ந்தது. மேற்குப் பாதியின் ரயில்வேயும் உள்நாட்டுப் படையும் ‘உண்ட்’ இல்லாத பழைய பெயரிலேயே இருந்தன.

இதை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் வேண்டும். நமக்கு எட்டாம் வகுப்பு இலக்கணம் போதும். முதலாவது உம்மைத்தொகை, இரண்டாவது எண்ணும்மை. வெற்றிலைபாக்கு என்றால் ஒரு தட்டு. வெற்றிலையும் பாக்கும் என்றால் இரண்டு பொருள். ஹங்கேரியர் கேட்டது தொகையை விரி என்பதுதான்.

ஆகவே: ‘பேரரச–அரச’ (பே.அ.), ‘பேரரசுக்கும் அரசுக்கும் உரிய’ (பே.உ.அ.). ஜெர்மன் சுருக்கத்திலும் நடுவில் வருகிற எழுத்தின் ஒலி ‘உ’தான். இவ்வளவு தானாக அமைந்தபிறகு வேறு சொல் தேடுவது பாவம்.

இரா.

*

> நடுவில் வருகிற எழுத்தின் ஒலி ‘உ’தான்

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ‘பே.உ.அ. படை’ என்றே போட்டுவிடுகிறேன். நடுவில் பிள்ளையார் சுழி எதற்கு என்று பதிப்பாளர் கேட்பார், கேட்கட்டும்.

‘இருமுடியரசு’ம் முடிவு. ஈரரசை வீணாக்கவில்லை, க.மு. ஐயா. ஹங்கேரியர் தங்கள் வாதத்தை வைக்கும் இடங்களில் அதைத்தான் போடப்போகிறேன். அவர்கள் காதுக்கு அதுதான் பிடித்திருக்கும்.

இன்னொன்று பாக்கி. மேற்குப் பாதிக்கு நேரான பெயரே இல்லை. சட்டத்தில் ‘ராய்ஷ்ராட்டில் (வியன்னா நாடாளுமன்றம்) உறுப்பினர் கொண்ட அரசுகளும் நாடுகளும்’ என்று நீட்டி முழக்கியிருக்கிறார்கள். பேச்சு வழக்கிலோ லைதா ஆற்றை எல்லையாக வைத்து மேற்கை ‘இப்பால்’, ஹங்கேரியை ‘அப்பால்’ என்றார்கள். ‘இப்பால்லைதா’ என்று எழுதிப் பார்த்தேன், பால்காரர் வந்ததுபோல இருக்கிறது. அதோடு வியன்னாவில் நிற்பவருக்குத்தானே அது இப்பால்? என் அத்தியாயம் புடாவில் நிற்கிறது. இதைத் தனி இழையில் கேட்கிறேன்.

செ.