அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் மிச்சிகன் தோற்றதற்குப் பயிற்சியாளர் லாய்ட் கார்தான் காரணமா?

கேள்வி: 2007 செப்டம்பர் 1. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) தரவரிசையில் 5-ஆம் இடத்தில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழக அணி, சொந்த மைதானத்தில் கீழ்ப்பிரிவு அணியான அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 எனத் தோற்றது. கடைசி நொடிகளில் மிச்சிகனின் 37 கெஜ ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 3 பாயிண்ட்) தடுக்கப்பட்டது. இதில் கோச் கார் என்ன செய்திருக்க முடியும்?

பதில் 1: அந்த உதையை விடுங்க. இரண்டாம் பாதியில் மிச்சிகன் அடிச்ச இரண்டு டச் டவுனுக்கும் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோறது, 6 பாயிண்ட்) அப்புறம் கிடைக்கிற ஒரு பாயிண்ட் உதையை விட்டுட்டு, மறுபடி பந்தைக் கொண்டுபோய் 2 பாயிண்ட் எடுக்கப் போனாங்க. ரெண்டும் தோல்வி. உதைச்சிருந்தா 34-34.

பதில் 2: அந்தக் கணக்கு சரிதான், முடிவு தப்பில்லை. 31-26 என மிச்சிகன் பின்தங்கியிருந்தபோது இரண்டு கிடைத்தால் வித்தியாசம் 3 ஆகும், ஒரு ஃபீல்ட் கோல் போதும். மிச்சிகன் 32-31 என முந்தியபோதும் அதே: முன்னிலை 3 ஆகியிருக்கும்.

உண்மையான ஓட்டை தடுப்பாட்டத்தில். அப்பலாச்சியன் ஸ்டேட்டின் குவாட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) அர்மான்டி எட்வர்ட்ஸ் ஆடிய ஸ்பிரெட் ஆட்டத்தில் (வீரர்களை மைதானத்தின் அகலத்துக்குப் பரப்பி நிறுத்தும் பாணி) எதிரணியின் ஓரத் தடுப்பாளரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவர் ரன்னிங் பேக்கை (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) நோக்கிப் பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தோடு வெளியே ஓடிவிடுவார். அவர் நின்றுவிட்டால் பந்து ரன்னிங் பேக்குக்கு. இதற்கு மருந்து, ஓரத்தவர் உள்ளே பாய, லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) அவருக்குப் பின்னால் சுற்றி வந்து குவாட்டர்பேக்கைப் பிடிப்பது. இதைப் பழக்க ஒரு கோடைக்காலமே இருந்தது. அடுத்த வாரம் ஓரிகான் அணியும் இதே பாணியில் ஆடி மிச்சிகனை 39-7 என்று நொறுக்கியது. கார் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

பதில் 3: ஒப்புக்கொள்றேன். ஆனா அதுக்கப்புறம் மிச்சிகனுக்குத் தொடர்ந்து 8 வெற்றி. நவம்பரில் கார் ஓய்வை அறிவிச்சார். கடைசி ஆட்டத்துல ஃப்ளோரிடாவை 41-35-னு ஜெயிச்சப்ப, மிச்சிகனே ஸ்பிரெட் ஆடிச்சு!