நாக்குக் கட்டியிலும் கழுத்துக் கணுவிலும் வேற வேற மரபணு மாற்றம்: எந்த ரிப்போட் பிழை?

கல்லடி_ஆய்வுகூடம்:
வணக்கம். மட்டக்களப்பில் ஆய்வுகூடப் பயிலுநர்களுக்கு வகுப்பெடுக்க ஒரு கற்பனைக் கணக்குத் தயாரிக்கிறேன். வெற்றிலை பாக்கு மெல்லும் ஒருவருக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய்க் கட்டி. அதில் டிபி53 (கட்டி வளராமல் தடுக்கும் மரபணு) மாற்றம் 34%, அதாவது அந்த இடத்தை வாசித்ததில் 34% வாசிப்பில் மாற்றம் இருந்தது. கழுத்து நிணநீர்க் கணுவில் டிபி53 42%, கூடவே பிஐகே3சிஏ (கலம் வளரத் தூண்டும் மரபணு) 9%. நாக்கில் பிஐகே3சிஏ இல்லவே இல்லை. இரண்டு ரிப்போட்டும் சரியாக இருக்க முடியுமா? இந்த வீதங்களை எப்படி வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது?

ஏறாவூர்_மரபணு:
இரண்டும் சரியாக இருக்கலாம். ஆனால் மரபணுவின் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, மாறிய எழுத்தும் ஒன்றாக இருக்க வேணும். நாக்கில் ஆர்175எச், கணுவில் ஆர்248கியூ (டிபி53இன் இரு வேறு இடத்து மாற்றங்கள்) என்றால், கணுவுக்குப் போனது வேறொரு கட்டியாக இருக்கலாம். பாக்கு மெல்லும் வாயில் இது வீண் சந்தேகமில்லை. வாய்ச் சவ்வு பரவலாகப் பாதிக்கப்பட்டால் தனித்தனிக் கட்டிகள் எழும்பலாம் என்று 1953லேயே எழுதிவைத்திருக்கிறாங்க.

மாற்றம் அச்சொட்டாக ஒன்றே என்றால் வேர் ஒன்று. கட்டி பனை மாதிரி ஒற்றையாக வளர்வதில்லை, ஆலமரம் மாதிரிக் கிளை விடும். ஒரு கலத்தில் தொடங்கி, பிரியப் பிரியப் புதுப் பிழைகள் சேர்ந்து, தாக்குப்பிடிக்கும் வம்சம் பெருகும் என்று புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1976ல் விளக்கினார். 2012ல் சிறுநீரகக் கட்டிகளைப் பல இடத்தில் வெட்டி வாசித்தபோது, மாற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எல்லாத் துண்டிலும் இருக்கவில்லை. உங்கட கணக்கில் டிபி53 அடிமரம், பிஐகே3சிஏ கிளை.

இனி வீதம். மாதிரியில் கட்டிக் கலம் 68% (மிச்சம் சாதாரணக் கலம்) என்றும், கட்டிக் கலத்தில் அந்த மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்று மாறியது என்றும் எடுத்தால் 34% வரும். ஆனால் டிபி53இல் மற்றப் பிரதி தொலைந்துபோவது மிகச் சாதாரணம். அப்படித் தொலைந்திருந்தால் 51% கட்டிக் கலமே அதே 34%ஐக் காட்டும். பதொலஜியில் கட்டிக் கலம் எவ்வளவு என்று எழுதாமல் வரும் ரிப்போட்டில் இந்த இலக்கத்துக்கு அர்த்தமே இல்லை. இதைப் பயிலுநர்களுக்கு முதல் நாளே சொல்லுங்க.

கணுவில் மற்றப் பிரதி தொலைந்தது என்று வைத்தால், 42%க்குக் கட்டிக் கலம் 59% அளவு. பிஐகே3சிஏ அவ்வளவு கலத்திலும் ஒரு பிரதியில் மாறியிருந்தால் 30% கிட்ட வர வேணும். வந்தது 9% என்பதால் கட்டிக் கலங்களில் பத்துக்கு மூன்றில்தான் இருக்கு. நாக்கில் "இல்லை" என்பதையும் கவனமாக வாசிக்க வேணும். 2% உள்ள மாற்றத்தை 100 தரம் வாசித்தால் இரண்டே இரண்டு வாசிப்பில் தெரியும், இயந்திரப் பிழையிலிருந்து பிரிக்கேலாது. 1000 தரம் வாசித்தால் 20. ஆழம் எவ்வளவு, அதாவது ஒரு இடத்தை எத்தனை தரம் வாசித்தாங்க என்று கேளுங்க.

சம்மாந்துறை_பதொலஜி:
ஒன்றை விட்டுட்டீங்க. அந்த பிஐகே3சிஏ எந்த எழுத்து? அந்த மரபணுவில் வரும் இ542கே, இ545கே மாற்றங்கள் இரண்டும் டிஎன்ஏயில் ஜி எழுத்து ஏ ஆவது. எதிர் இழையில் பார்த்தால் சி எழுத்து டி ஆவது. இழையத்தைப் பதப்படுத்தும் திரவமான போமலின் டிஎன்ஏயைக் கெடுக்கும்போதும் இதே மாற்றம்தான் வரும். எச்1047ஆர் என்றால் ஏ எழுத்து ஜி ஆவது, அதில் இந்தப் பயம் குறைவு. இ545கே 9% வந்து, கூடவே 5%க்குக் கீழே சி-டி மாற்றங்கள் குவிந்திருந்தால், சி கெட்டு வரும் யூராசிலை வெட்டும் நொதி போட்டுத் திரும்ப ஓட்டாமல் நம்ப வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் இல்லை, போத்தலில். வெட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் 10% நடுநிலைப் பஃபர் போமலினில், இழையத்தைப் போல பத்து மடங்கு அளவில் போட வேணும். 6 முதல் 72 மணித்தியாலம் போதும். வெள்ளிக்கிழமை போட்டு, திங்கள் போயா லீவு என்று செவ்வாய் கொழும்புக்கு அனுப்பினால் 72ஐத் தாண்டிவிடும். பஃபர் இல்லாத பழைய போமலின் அமிலமாகி டிஎன்ஏயைத் துண்டாக்கும். தாடை எலும்போடு வந்த துண்டை நைத்திரிக்கமிலத்தில் மென்மையாக்கினால் வாசிக்க ஒன்றும் மிஞ்சாது. எலும்பை மென்மையாக்க ஈடிடிஏ மெதுவானது, ஆனாலும் அதுதான் சரி. மெழுகில் பதித்த இழையத்தைச் சீவும்போது புளொக்குக்குப் புளொக் வெட்டும் பிளேட்டை மாற்றுங்க. பக்கத்துப் புளொக்கின் துகள் ஒட்டினாலும் 'புதுக் கிளை' பிறக்கும்.

கல்லடி_ஆய்வுகூடம்:
மிச்சம் நன்றி. இ545கே என்றே போட்டு, நொதிச் சோதனையையும் கேள்வியில் சேர்க்கிறேன். எல்லாக் கிளையையும் ஒரே இரத்த மாதிரியில் பிடிக்கலாம் என்று சொல்றாங்களே, அதையும் சேர்க்கவா?

ஏறாவூர்_மரபணு:
சேர்க்கலாம், எச்சரிக்கையோடு. இரத்தத்தில் டிஎன்ஏ விடாத சிறு கிளை அங்கும் தெரியாது. இரத்தம் உறையாமல் ஈடிடிஏ போட்ட சாதாரண ரியூப்பில் எடுத்தால் சுமார் 4 மணித்தியாலத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேணும். பிந்தினால் வெண்குருதிக் கலங்கள் உடைந்து, கட்டியின் டிஎன்ஏ அவற்றின் டிஎன்ஏக்குள் மூழ்கிப்போகும். கொழும்புக்கு அனுப்புவதென்றால் கலம் உடையாமல் காக்கும் ரியூப் வேணும். முதல் 1600 ஜியில் (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு) 10 நிமிடம், பிறகு பிளாஸ்மாவை மட்டும் எடுத்து 16,000 ஜியில் இன்னும் 10 நிமிடம் சுழற்றணும். வயது போனவர்களின் இரத்தக் கலங்களிலேயே டிஎன்எம்டி3ஏ, டெட்2, சிலவேளை டிபி53 மரபணுக்களின் மாற்றமும் கட்டியோடு சம்பந்தமில்லாமல் இருக்கும். அதனால் அதே ரியூப்பின் வெண்குருதிக் கல அடுக்கையும் எடுத்து வாசிக்கணும். அங்கேயும் அதே மாற்றம், அதே அளவில் இருந்தால் அதைக் கட்டியின் கணக்கில் எழுத வேண்டாம்.