மறு: மறு: மின்னடுப்பை 'ரீசெட்' செய்தல் – தமிழில் எப்படி எழுதுவது?

கல்லடியிலிருந்து, திங்கள் மாலை

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டு மின்சாதனம் பழுதுபார்க்கும் வகுப்புக்கு மின்னடுப்புக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழன் அச்சுக்குப் போக வேண்டும். மேலே நாலு தட்டும் கீழே போறணையுமாக (ஓவன்) இருக்கிற பெரிய அடுப்பு. 2022இல் இலங்கையில் காஸுக்கு வரிசையில் நின்று அலுத்தவர்கள் பலர் கரண்ட் அடுப்புப் பக்கம் போய்விட்டார்கள். மாணவர்களுக்கு இந்த வேலை இனி வரும்.

ஆங்கிலக் கையேட்டில் 'ரீசெட்' என்ற ஒரே சொல் நாலு வேலைக்கு நிற்கிறது. சுவரில் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானே வெட்டுவது) விழுந்தால் தூக்கி விடுவது ஒன்று. மின்னணுப் பலகை திகைத்துப்போய் எந்தப் பொத்தானுக்கும் அசையாவிட்டால் பிரேக்கரை இறக்கி, சில நிமிடம் பொறுத்து, திரும்பப் போடுவது இன்னொன்று. சூடு எல்லை மீறி வெட்டிக்கொண்ட கட்-அவுட்டின் பொத்தானை அமுக்குவதும் ரீசெட்தான். கடிகாரம், சூட்டளவு எல்லாவற்றையும் தொழிற்சாலையில் வைத்தபடி ஆக்குவதும் ரீசெட்தான். கணினியில் 'மீட்டமை' என்கிறோம். அதையே நாலுக்கும் போடலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து, திங்கள் இரவு

தம்பி, 'மீட்டமை' கணினித் திரையில் ஓடிவிட்டது, வகுப்பறையில் ஓடாது. நம் பிள்ளைகளுக்கு மீட்டல் என்றால் சோதனைக்கு முன் பாடத்தைத் திரும்பப் படிப்பது. பெற்றோருக்கு அடகு வைத்த நகையை எடுப்பது. அடுப்படியில் அது என்ன பொருள் தரும்?

இலக்கணத்தையும் பாருங்கள். மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. மீண்டான் என்றால் தானே திரும்பி வந்தான். மீட்டான் என்றால் வேறொன்றைத் திரும்பக் கொண்டுவந்தான். 'மீட்டமை' இரண்டு வினையாகப் பிரிந்து நிற்கும். 'மீளமை' அதைவிடக் கட்டானது. மீள் நெடிலில் தொடங்குவதால் ளகரம் இரட்டாது, 'மீள்ளமை' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

மின்னடுப்பை 'குக்கர்' ஆக்கவும் வேண்டாம். அடுப்பு 'அடு' என்ற வினையில் பிறந்தது. அட்டில், அடிசில் எல்லாம் அந்த வேர்தான். 'அட்டாலும் பால் சுவையிற் குன்றாது' என்று மூதுரையில் படித்த அதே அடு. கொல்லுதலுக்கும் அடுதான்: அடுகளம், அடுபோர். நெருங்குதலுக்கும் அடுதான்: அடுத்தவர். நெருப்பை நெருங்கிய பொருள் தன் பழைய நிலையை இழக்கிறது. சமைத்தலும் கொல்லுதலும் அந்த நெருக்கத்திலிருந்தே கிளைத்தன என்பது என் துணிபு.

அக்கரைப்பற்றிலிருந்து, செவ்வாய் காலை

சேர், நான் வயரிங் வேலை செய்கிறவன். வீட்டுக்காரர் போன் எடுத்துச் சொல்வது ஒன்றுதான்: "ட்ரிப் விழுந்திட்டு தம்பி, தூக்கினா நிக்குதில்ல." விழுதல், தூக்குதல், நிற்றல். மூன்றும் தமிழ்தானே, இதற்கு மேல் எதற்குப் புதுச் சொல்?

ஆனால் தூக்குவதைப் பற்றி மட்டும் எழுதினால் ஆபத்து. நம் கரையோரத்தில் நடப்பதைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் போறணையைப் போடாமல் வைத்திருப்பார்கள். அதன் எலமென்ட் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி இருக்கிற வெள்ளைத் தூள் மக்னீசியம் ஒக்சைட். வாய்ப்பக்கத்து அடைப்பு சரியில்லை என்றால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நத்தாருக்கோ பெருநாளுக்கோ கேக் போட என்று சுவிட்சைப் போட்டதும் கம்பியிலிருந்து வெளிக்குழாய்க்குக் கரண்ட் கசியும். வீடுகளில் இருக்கிற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவைத் தாண்ட விடாது, விழுந்துவிடும். அது பழுதில்லை, தன் வேலையைச் செய்கிறது.

அடுப்பின் குமிழ் எல்லாம் பூச்சியத்தில் இருந்தும் விழலாம். நியூட்ரல் பக்கம் ஏர்த்தோடு தொட்டிருந்தால் அப்படித்தான். அதனால் அடுப்புக்குப் போகிற இரட்டை முனைச் சுவிட்சையே (லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது) ஓஃப் செய்துவிட்டுத் தூக்கிப் பார்க்க வேண்டும். நின்றால் கோளாறு பெரும்பாலும் அடுப்பில். அதன்பிறகு அடுப்பைப் போட்டதும் திரும்ப விழுந்தால் மெகர் (கசிவுத் தடையை அளக்கும் கருவி) வைத்து அளக்கிற ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். 'மீளமை' என்று அழகாக ஒரு வரி எழுதி முடித்தால் ஆள் தூக்கிக்கொண்டே இருப்பார்.

காரைதீவிலிருந்து, செவ்வாய் மாலை

தம்பி சொன்ன நுட்பம் முழுவதும் சரி. முடிவுதான் சரியில்லை. விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். விஞ்ஞானமும் தமிழும் ஒருசேரக் கற்ற அவர் 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வாயில் வருவதையே எழுதினால் போதும் என்றால் அந்தத் தலைமுறை அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். ஆளியும் (சுவிட்ச்) உருகியும் (ஃபியூஸ்) ஒருகாலத்தில் பிள்ளைகளுக்குப் புதிதுதான். இன்று சோதனைத் தாளில் யாரும் தடுமாறுவதில்லை. ட்ரிப் சுவிட்ச் என்பதைக் 'கசிவுக்காப்பு ஆளி' என்றும், ரீசெட்டை 'மீளமைத்தல்' என்றும் எழுதுங்கள். போறணை, குசினி இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை, அவற்றையும் விடலாம்.

அக்கரைப்பற்றிலிருந்து, செவ்வாய் இரவு

அக்கா, சோதனைத் தாளில் ஆளி என்று எழுதிய அதே பிள்ளைதான் கல்முனைக் கடையில் சுவிட்ச் கேட்கிறான். குசினியை விட்டால் அலுமாரி, கதிரை, பாண் எல்லாவற்றையும் விட வேண்டும். கசிவுக்காப்பு என்பது நல்ல சொல், ஏன் விழுகிறது என்பதை அதுவே சொல்கிறது. அதை விளக்கத்தில் வையுங்கள். பெயர் ட்ரிப் சுவிட்சாகவே இருக்கட்டும்.

ரொறொன்ரோவிலிருந்து (சொந்த ஊர் ஆரையம்பதி), புதன்

'தூக்கி விடு' இங்கே பொருந்தாது. இங்கு அடுப்புக்கு 240 வோல்ட், இரண்டு முனையையும் சேர்த்து வெட்டுகிற பிரேக்கர். விழுந்தால் கைப்பிடி பெரும்பாலும் நடுவில் வந்து நிற்கும். பார்வைக்கு ஓனில் இருப்பது போலத் தெரியும். முதலில் ஓஃப் பக்கம் முழுக்கத் தள்ளினால்தான் பிறகு ஓனில் நிற்கும். தெரியாதவர்கள் நேரே ஓனுக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு அடுப்பு போய்விட்டது என்கிறார்கள். கைப்பிடி பக்கவாட்டில்தான் போகும், தூக்குவதற்கு ஒன்றுமில்லை. 'மீள்நிறுத்தல்' என்று எழுதினால் என்ன? திரும்ப நிற்க வைப்பது என்ற பொருளில்.

இன்னொன்று, பாதி முறைப்பாடு பழுதே இல்லை. திறப்புப் (சாவி) படம் எரிந்தால் பிள்ளைப் பூட்டு போட்டிருக்கிறது, பொத்தானைச் சில விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். சில அடுப்புகளில் கரண்ட் போய்வந்த பிறகு நேரத்தைச் சரிசெய்யும் வரை போறணை சூடாகாது. கையேட்டில் இதை முதலில் போடுங்கள்.

கல்லடியிலிருந்து, புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. 'மீள்நிறுத்தல்' என்று வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் அடுப்பை நிறுத்துவது என்றே எடுத்துக்கொண்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

களுவாஞ்சிக்குடி ஐயா சொன்ன தன்வினை, பிறவினைதான் எனக்குக் கைகொடுத்தது. கட்-அவுட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இரட்டை உலோகத் தகடு சூட்டில் வளைந்து சுற்றை வெட்டும், ஆறியதும் தானே பழைய நிலைக்கு வந்து தொடுத்துவிடும். மற்றது ஆறினாலும் வெட்டியபடியே நிற்கும், ஆள் வந்து பொத்தானை அமுக்க வேண்டும். முதலாவது மீள்கிறது, இரண்டாவதை மீட்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரீசெட்டோடு ஒரு அடைமொழி சேர்க்கிறார்கள். நமக்கு வினையே அதைச் செய்துவிடுகிறது. 'தானே மீளும் வெட்டி', 'கையால் மீட்கும் வெட்டி' என்று எழுதினேன், மாணவர்கள் கேட்டதும் பிரித்துச் சொன்னார்கள். கையால் மீட்பதற்கு முன் பிரதான இணைப்பைத் துண்டித்து, சூடு ஏன் மீறியது என்று பார்க்க வேண்டும் என்பதையும் அதே பத்தியில் சேர்த்திருக்கிறேன். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தேர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருந்தால் பொத்தானை அமுக்கிப் பயனில்லை.

மற்றவை இப்படிப் போகின்றன. ட்ரிப் சுவிட்சுக்கு, 'அடுப்பின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒருமுறை தூக்கி விடவும். அடுப்பைப் போட்டதும் விழுந்தால் மறுபடி தொட வேண்டாம்.' பலகைக்கு, 'மின்னை நிறுத்தி மீண்டும் கொடுக்கவும்.' நாலாவதற்கு, 'ஆரம்ப அமைப்புக்குத் திருப்பவும்.' நாலுக்கும் ஒரே சொல் வேண்டாம் என்பதில் மறுமொழி எழுதிய பெரும்பாலோர் ஒத்துக்கொண்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

'குமிழைக் கழற்றித் துடைக்கவும்' என்ற வரியில் மட்டும் நிற்கிறேன். போறணைக்குள் விளக்கும் இருக்கிறது, நமக்கு மின்குமிழ் என்றால் பல்ப். 'திருகி' என்று மாற்றலாமா?

காரைதீவிலிருந்து, வியாழன் காலை

என் பெயரில் 'மீளமைத்தல்' என்றே பதிந்துவிடுங்கள், தம்பி. ஒரு கருத்துக்கு நாலு வாக்கியம் எழுதுவது விளக்கம், கலைச்சொல் அல்ல. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன். 'திருகி' வேண்டாம், திருகாணியோடு குழம்பும். 'திருகு குமிழ்' என்று போட்டு அச்சுக்குக் கொடுங்கள்.